மூன்று மணிக்குப் பிறகும் நீ உள்ளே இருந்தாய்

பாசமுள்ள முத்தண்ணனுக்கு,

இன்று காலை சிவகங்கை தொழிலாளர் அலுவலகத்தில், உன் சாவுக்கு நாங்கள் கேட்ட இழப்பீட்டுக்கு ஆலை நிர்வாகம் போட்ட பதில் மனு என் கைக்கு வந்தது. 'பணி முடிந்த பின் அனுமதியின்றி இயந்திரப் பகுதிக்குள் நுழைந்தவர்' என்று அது உன்னைச் சொல்கிறது. மூன்றாம் பக்கம், அடியில் மேலாளர் கையெழுத்து. இருபத்தாறு வருடம் உழைத்த இடத்தில் நீ அத்துமீறி நுழைந்தாயாம், அண்ணே.

முதல் ஆதாரம் உன் வருகை அட்டை. வெளியேறியது மூன்று மணி என்று அதில் இருக்கிறது. மூன்றே காலுக்கு மெஷின் உன்னை இழுத்துக் கொன்றது. அட்டையில் வெளியேறியதாகப் பதிந்துவிட்டு, திரும்ப உள்ளே போய் மெஷினைச் சுத்தம் செய்வதுதான் அங்கே வழக்கம். காரைக்குடி ஆலையில் வேலை பார்க்கிற யாருக்குத் தெரியாது? மூன்று தலைமுறையாகப் பெயர் வாங்கிய கம்பெனிக்கு மட்டும் தெரியாதாம்.

இரண்டாவது ஆதாரம் நான் எழுதியது. ஆலைக்காக எங்கள் பத்திரிகை போட்ட பவள விழா மலரில், 'மணி அடித்தபின் தொழிலாளர் ஒருவரும் உள்ளே இருப்பதில்லை' என்று எழுதினேனே, அதுதான். மேலாளர் அறையில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஒரே வீட்டில் இருந்த உன்னைக் கேட்கவில்லை.

நீ படித்துவிட்டுச் சிரித்தாய். "ஏத்தா, மணி அடிச்சதும் நாங்க பறந்துர்றோமாக்கும்? பேப்பர்காரவுக நல்லா விசாரிச்சுத்தேன் எழுதுறீக!"

நானும் சிரித்தேன். அன்றைக்கே ஏன் என்னைத் திட்டவில்லை?

இன்று அலுவலக வராந்தாவில் மேலாளர் என்னை மறித்தார். "நீங்க எழுதுனதத்தானம்மா வச்சிருக்கோம். இப்ப மாத்திச் சொல்வீகளா?"

"சொல்வேன் சார். அன்னைக்கு உங்கள மட்டும் கேட்டதுதேன் நான் செஞ்ச தப்பு."

உன் பக்கத்து மெஷினில் நின்ற கோட்டையூர் சண்முகம் சாட்சிக்கு வருகிறார். "நானுந்தேன் அட்டையப் போட்டுட்டு உள்ள போனேன். அப்ப நானும் களவாணியா? வேலைய விட்டுத் தூக்குனாத் தூக்கட்டும்த்தா" என்றார்.

விசாரணை அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை. சண்முகத்தின் சாட்சியம் பாக்கி, என்னுடையதும். நான் எழுதிக் கொடுத்த திருத்தம் பத்திரிகை ஆசிரியர் மேஜையில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் போடாவிட்டாலும், செவ்வாய்க்கிழமை அந்த மலரைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் இருப்பது பொய், எழுதியவள் நான் என்று அதிகாரி முன் சொல்வேன்.

உன்னைக் கேட்காமல் எழுதிய தங்கச்சி,
செல்வி