ஐந்தாம் தட்டும் ஆறாம் தட்டும்

பிரியம் குறையாத என் சாமுவேல் அண்ணாச்சிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் ஒன்பது நாளும் ஆகிறது. அச்சாபீஸ் பிச்சையா தன் மாதப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாரும் என்று கேட்டார். உங்களைப் பற்றி நாலென்ன, நாற்பது எழுதலாம். ஆனால் பேனாவை எடுத்தால் என்னைப் பற்றிய ஒரு கெட்ட வார்த்தைதான் முதலில் வந்து நிற்கிறது. அதை எழுதாமல் மற்றதை எழுத முடியவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி சொல்லுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. மேலத்தெருப் பக்கம் இரண்டு மூன்று தறி கரண்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் இன்னொரு சங்கதி: புது மாதிரி இசைத்தட்டு வந்திருக்கிறதாம். ஒரு பக்கமே இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடுமாம். நம் ருஷ்யாக்காரரின் அந்தப் பெரிய உருப்படி முழுவதும் ஒரே தட்டில் அடங்கிவிடுமாம். நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட்டால் போதும். இனிமேல் எந்த வாத்தியாரும் அதன் வரிசையை மாற்ற முடியாது.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமுவேல் அண்ணாச்சிக்குத் தேரடிக்குப் பக்கத்தில் கடிகாரம் பழுதுபார்க்கிற கடை. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன அந்த வருஷம், இங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரம்மாவும் சீமைக்குக் கிளம்பினார். தன் சுவர்க்கடிகாரத்தைப் பதினைந்து வருஷம் ஓடவைத்தவருக்கு அந்த அம்மா விட்டுப்போனது ஒரு கிராமபோன் பெட்டியும், புஸ்தகம் போலக் கட்டிய ஓர் அட்டை ஆல்பமும். ஆல்பத்தில் ஆறு உறை. நாலு உறையில் தட்டு இருந்தது. கடைசி இரண்டும் காலி. மேலே இங்கிலீஷில் இசையமைத்தவரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் ஒரு மாதிரி உச்சரித்தேன், அண்ணாச்சி ஒரு மாதிரி உச்சரித்தார். இரண்டும் தப்பாகத்தான் இருந்திருக்கும். அதனால் அவர் எங்களுக்கு ருஷ்யாக்காரர் ஆகிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு உங்கள் வீட்டு முன்னறையில் வைப்போம். நானும் பிச்சையாவும், சில நாள் தபால்காரர் மாடசாமியும். முதல் நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள்ளே யாரோ முனகுகிற மாதிரி ஆரம்பித்தது. பிச்சையா, வயிற்றுவலிக்காரன் பாட்டு என்றார். நீங்கள் மட்டும் கண்ணை மூடி, விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தீர்கள். மூன்றாம் தட்டு ஓடும்போது கண்ணைத் திறந்து, "சார்வாள், இது அஞ்சு அஞ்சால்லா வருது. நம்ம நாகஸ்வரக்காரங்க வாசிக்கிற கண்ட நடைல்லா இது" என்றீர்கள். எண்ணிப் பார்த்தோம். ஐந்துதான். சீமை நடனப் பாட்டு மூன்று மூன்றாகத்தான் போகும் என்று நான் எங்கேயோ படித்ததை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

அந்த நாளே உங்கள் காதை நான் நம்பியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ருஷ்யாக்காரரைத் தேடுவதே நமக்கு வேலையாகப் போயிற்று. மதராஸ், பம்பாய், கல்கத்தா என்று கடைக்கெல்லாம் இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் பங்கு. அரக்குத் தட்டு அப்பளம் மாதிரி நொறுங்குகிற சாமான். வைக்கோல் சுற்றி வருகிற பார்சலை ஸ்டேஷனிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவருவது உங்கள் பங்கு. நாலு வருஷத்தில் பிடில் தட்டு ஒன்று, பியானோ மூன்று, பொம்மைகள் ஆடுகிற மாதிரி ஒரு நாட்டியத் தட்டு என்று சேர்ந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கீறல் விழுந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எது வந்தாலும் நீங்கள் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அந்த ரெண்டும் வரலையே" என்பீர்கள்.

அந்த இரண்டும் வந்தது, கோமதி இறந்த மறுவருஷம். கோமதி என் மனைவி. மதராஸில் ஒரு பழைய சாமான் கடைக்காரர், அந்த ஆல்பத்தின் கடைசி இரண்டு தட்டும் இருக்கிறது, மழைத் தண்ணீரில் நனைந்து லேபிள் உரிந்துவிட்டது, பாட்டுக்குப் பழுதில்லை என்று எழுதி அனுப்பிவைத்தார். நடுவில் சிவப்புக் காகிதம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. எண் இல்லை. எது ஐந்தாம் தட்டு, எது ஆறாம் தட்டு?

ஒரு தட்டில் மேளமும் தாரையும் சேர்ந்து படை கிளம்புகிற மாதிரி ஓர் ஊர்வலம். முடியும்போது சுவர் அதிரும். இன்னொன்றில் அழுகை. நடுவில் ஒரே ஒரு தடவை, மெதுவாக, சேகண்டி அடித்த மாதிரி ஓர் ஓசை. அப்புறம் கனமான தந்திகள் இறங்கி இறங்கி, மூச்சு நிற்பதுபோல் நின்றுவிடும்.

நீங்கள் ஒரு தடவைதான் கேட்டீர்கள். "அழுகைதான் கடைசி, சார்வாள். சேகண்டி அடிச்சாச்சு. அதுக்குப் பெறகு ஊர்வலம் எங்க போகும்?"

இதை நீங்கள் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேனோ என்னவோ. பிச்சையாவும் மாடசாமியும் இருந்தார்கள். அது ஆடித்தபசு நேரம். திருவிழா பார்க்க வந்த பிச்சையாவின் சம்பந்தி வீட்டுக்காரர் இருவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் நிற்கிற மாதிரி நான் எழுந்து நின்றுவிட்டேன். கட்டுரை என்றால் முடிவுரை ஓங்கி நிற்க வேண்டும், கச்சேரி என்றால் மங்களத்தோடு எழுந்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். பிறகு அந்த உதாரணத்தைச் சொன்னேன். "கோயிலில் பூஜைக்குச் சேகண்டி அடிக்கிறார்கள். அதற்குப் பிறகுதானே மேளதாளத்தோடு சாமி புறப்பாடு? சேகண்டி முன்னே, ஊர்வலம் பின்னே. கோயில் நடைமுறை உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். பிச்சையா தன் பங்குக்கு, "ஊர்க் கடியாரத்துக்கெல்லாம் சாவி கொடுக்கீரு, ருஷ்யாக்காரனுக்கு மட்டும் சாவி தீந்து போச்சுங்கீரே" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். "சார்வாள் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பசையும் காகிதமும் எடுத்துவந்தீர்கள். அழுகைக்கு ஐந்து, ஊர்வலத்துக்கு ஆறு என்று என் கையால் எழுதி ஒட்டினேன்.

வேதக்காரரான, சர்ச்சுக்குப் போகிற உங்களை, கோயிலைக் காட்டி வாயடைத்தேன். அதை அன்றைக்கு நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கில் விடை சரியாக எழுதி வழி எழுதாத மாணவனுக்கு நான் பாதி மதிப்பெண் குறைப்பது வழக்கம். நீங்கள் விடையைச் சொன்னீர்கள், வழியை விளக்கத் தெரியவில்லை. நான் வழியை அழகாக எழுதி, தப்பான விடைக்கு முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டேன்.

இதுவரை சொன்னது அறியாமை. அதற்கு மன்னிப்பு உண்டு. இனிமேல் வருவதுதான் பிச்சையாவுக்கும் தெரியாதது.

ஒரு மாதம் கழித்து நீங்கள் கடையில் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டே, "சார்வாள், அந்தப் பம்பாய்க் கடைக்கு ஊசிக்கு எழுதும்போது, எது கடைசித் தட்டுன்னு ஒரு வரி கேட்டிருங்களேன். சும்மா தெரிஞ்சுக்கிடத்தான்" என்றீர்கள். எழுதினேன். பதில் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. தட்டெழுத்தில் நாலே வரி. மேளம் ஒலிப்பது ஐந்தாம் தட்டு. கடைசியாக வருவது மிக மெதுவாகப் போய் ஓய்ந்துவிடுகிற பகுதி, இசையமைத்தவர் வேண்டுமென்றே அப்படி முடித்திருக்கிறார், கேட்கிற பலரும் இதில் ஏமாறுவதுண்டு என்று எழுதியிருந்தார்கள்.

ஆசிரியர் அறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். மடித்து, என் மேஜையில் பழைய வினாத்தாள்களுக்கு அடியில் வைத்தேன். அன்று சாயங்காலமே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிச்சையா ஒரு வாரம் கேலி செய்திருப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்தேன். அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை, ஏன் போன வாரம் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. இப்படித்தான் ஒவ்வொரு வாரமும் கூடக்கூட முடிச்சு இறுகிப்போய், மூன்று வருஷம் ஓடிவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாத பையன்கள் பள்ளிக்கூடத்துக்கே வராமல் நின்றுவிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நெஞ்சு வலி வந்து நீங்கள் கட்டிலோடு ஆன பிறகு, ஒரு மத்தியானம். எஸ்தர் மதினி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாம் இரண்டு பேரும்தான் இருந்தோம். நீங்கள் என் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள்.

"அந்தப் பம்பாய்க்காரன் பதில் போட்டானா, சார்வாள்?"

"இல்லை அண்ணாச்சி. வரவில்லை."

"வராட்டா போட்டும். அவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும்."

அறையில் வேறு யாரும் இல்லை. சிரிப்பதற்கு ஒருவரும் இல்லை. அப்போதும் பொய்தான் சொன்னேன். பன்னிரண்டு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன வாரம் உங்கள் வருஷ நினைவுக்கு மதினி எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். உபதேசியார் ஜெபம் செய்து முடித்ததும், அவருக்குப் பிடித்ததை வைக்கலாம் என்று மதினியே பெட்டிக்குச் சாவி கொடுத்தார்கள். என் கையெழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து, ஐந்தாவதை வைத்து, பிறகு ஆறாவதை வைத்தார்கள். உங்கள் படத்துக்கு முன்னால் அந்தப் படை ஊர்வலம் தடதடவென்று முடிந்தது. நல்ல முடிவு என்று உபதேசியார் சொன்னார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அண்ணாச்சி தனியாகக் கேட்கும்போது எந்த வரிசையில் வைத்துக் கேட்பார் என்று கேட்டேன். ஒரு நாளாவது மாற்றி வைத்திருப்பீர்கள் என்று எனக்கு ஓர் ஆசை.

"நீங்க போட்ட நம்பர்படிதான் சார்வாள். ஒரு நாளும் மாத்தினதில்ல. சேந்து கேட்டதத் தனியா மாத்தப்படாதும்பாங்க." மதினி தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். "நான்கூடக் கேட்டேன், ஒங்களுக்குத்தான் வேற நெனப்பு இருக்கே, சார்வாள்ட்ட ஏன் மல்லுக்கு நிக்கலைன்னு. கோமதி போன அன்னைக்கு அடிச்ச சேகண்டி சார்வாள் காதுல இன்னும் இருக்கு எஸ்தரு, அதோட முடிச்சா அவரு எப்படி எந்திரிச்சு வீட்டுக்குப் போவாரு, அதான் மேளத்தக் கடைசில வச்சிருக்காருன்னு சொன்னாங்க."

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணாச்சி, கோமதியின் பாடைக்குப் பின்னால் நீங்கள் வெறுங்காலோடு நடந்து வந்தீர்கள். அந்தச் சேகண்டி உங்கள் காதில் இருந்திருக்கிறது. சத்தியமாகச் சொல்லுகிறேன், அன்று எழுந்து நின்று கோயில் உதாரணம் சொன்னபோது என் காதில் அது இல்லை. கோமதியின் நினைப்பே எனக்கு வரவில்லை. நாலு பேர் முன்னால் ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. என் அகங்காரத்தைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, எனக்காக, உங்களுக்குத் தெரிந்த முடிவைக் கேட்காமலே போனீர்களா?

ஒருவேளை துக்கம்தானோ, எனக்கே தெரியாமல் அது உள்ளே இருந்ததோ என்று ஒன்பது நாளாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். அப்படி நம்பினால் எனக்குச் சுகமாக இருக்கும். அதனாலேயே நம்பப் பயமாக இருக்கிறது. நீங்கள் கொடுத்துவிட்டுப் போன அந்தச் சலுகைக்கு நான் தகுதியானவன் இல்லை.

இந்தக் கடிதம் அச்சுக்குப் போகும் முன் மதினியிடம் நானே வாசித்துக் காட்டுகிறேன். பம்பாய்க் கடிதத்தையும் அவர்கள் கையில் கொடுக்கிறேன். வருகிற சனிக்கிழமை பிச்சையாவையும் மாடசாமியையும் வரச் சொல்லியிருக்கிறேன். மதினி என்னை உள்ளே விட்டால், மேளத்தை முன்னால் வைத்து, அழுகையைக் கடைசியாக வைத்து, நடுவில் எழுந்திருக்காமல் கேட்கிறேன். அது ஓய்ந்த பிறகு அவர்களிடம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். தெரிந்தே செய்தேன் என்றுதான் சொல்லுவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

நீங்கள் சார்வாள் என்று கூப்பிட்டாலும், கூடப் பிறந்தவனாகவே நடத்திய
உங்கள் தம்பி
சங்கரலிங்கம்
சங்கரன்கோவில்