நாளைக்குக் காட்ட வேண்டிய சுவர்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

நித்திரை வரவில்லை. நாளைக் காலை தொல்பொருள் அதிகாரிகள் எங்கள் மெதடிஸ்த ஆலய வளவுக்கு வருகிறார்கள். வளவிலுள்ள பழைய பள்ளிக்கூடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பதா இல்லையா என்பது அவர்கள் நாளை பார்ப்பதைப் பொறுத்தது. அறிவிக்காவிட்டால், றோட்டை அகலமாக்கும்போது கட்டிடம் போய்விடும்.

ஞாயிறு ஆராதனையில் போதகர், "பெரிய ஆக்கள் வாறாங்க, இடத்தத் துப்புரவா வைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்று பின்னேரம் வேலை முடிந்து போய்ப் பார்க்கிறேன், மாதர் சங்கமே அங்கே நிற்கிறது. கடலில் எடுத்த பழைய முருகைக்கல்லும் சுண்ணாம்பும் தெரிந்த பள்ளிக்கூட முன்சுவரில் வழவழவென்று புதுச் சீமெந்து. காட்டுவதற்கு எங்களிடம் இருந்ததே அந்தச் சுவர்தான்!

"ஊத்தைச் சுவரையா வாற ஆக்களுக்குக் காட்டுற?" என்றார் சங்கத் தலைவி ரஞ்சி அக்கா. பிறகு கையில் தேத்தண்ணியையும் தந்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஈரம் இருக்கும்போது சுரண்டினால் வந்துவிடும். விடிந்தால் இறுகிவிடும். ஆனால் சுரண்டிவிட்டு ரஞ்சி அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது?

இதை எழுதிக்கொண்டிருக்க மனைவி எழும்பி வந்தாள். அவளும் பூசினவள்தான். சீமெந்து அரித்து விரலெல்லாம் சிவந்து கிடக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். அவள் போய்ச் சீமெந்துக் கரண்டியை எடுத்து வந்தாள்.

"டோச் லைற்ற எடுங்க" என்கிறாள் இப்போது. "நானும் வாறன். கடைசியாப் பூசின பக்கம் எது எண்டு எனக்குத்தானே தெரியும்."