பத்தரை மணிச் சந்தேகம்

பழனிசெட்டிபட்டி
2 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனைக் கண்டாலே எரிச்சல் என்றாய், அதனால் மெயில். தேனி மாவட்டப் பொதுமக்களுக்கும், சென்னையில் குடியேறிய ஜெபஷீலாவுக்கும் இதனால் அறிவிப்பது: நம் வாழைப்பழ மண்டியின் சுவர்க்கடிகாரத்துக்கு இன்று புது பேட்டரி போடப்பட்டது. போட்டவர் ஜோயல், பதினொன்றாம் வகுப்பு, மண்டியின் அறிவு மேலாண்மை அதிகாரி. பதவியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். வேறு யாரும் மனு போடவில்லை.

ஞானதுரை என்று அப்பாவுக்குப் பெயரில்தான் ஞானம். மண்டி முழுவதும் உன் மண்டையில் இருந்தது. நீயோ அதைக் கழற்றி வைக்காமல் பஸ் ஏறிவிட்டாய். கவலை வேண்டாம். நீ அனுப்பிய ஆடியோவையெல்லாம் கேட்டு, பழுக்க வைக்கிற ரூமில் எந்த ரகத்துக்கு எத்தனை டிகிரி, போடிக் கடைகளுக்கு எந்தப் பக்குவம், குமுளி லாரிக்கு எந்தக் காய் என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டேன். இனி யாரும் உன்னிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை.

மாபெரும் தம்பி,
ஜோயல்

சென்னை
9 ஜூன்

தம்பிக்கு,

அட்டை மாட்டி ஒரு வாரம் ஆகிறது. அப்பாவின் போன் நிற்கவில்லை. தினமும் பத்தரைக்கு, சரியாக எங்கள் மீட்டிங் நடுவில். "செவ்வாழைக்கு எத்தன டிகிரி?" சொல்கிறேன். வைத்துவிடுகிறார். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் கிளம்பும்போது "போறவ போகட்டும்" என்றவர், வேறென்ன பேசுவார்.

இங்கே ஒருவர் வேலையை விட்டால் ஒரு மாதம் உட்கார்ந்து தெரிந்ததையெல்லாம் ஒப்படைக்க வேண்டும். நான் கோபத்தில் ஒரே நாளில் கிளம்பினேன். இப்போது அனுபவிக்கிறேன். என்னை நிரந்தரமாக்குவதா என்று மாதக் கடைசியில்தான் முடிவு செய்வார்கள். போனைப் பற்றி மேனேஜர் ஏற்கெனவே முகம் சுளித்துவிட்டார். களைப்பாக இருக்கிறதடா. ஏதாவது செய்.

அக்கா

பழனிசெட்டிபட்டி
11 ஜூன்

அக்கா,

உன் புலம்பல் பரிசீலிக்கப்பட்டது. எழுத்து சிறிதாக இருந்திருக்கும். பெரிதாக எழுதி மாட்டியாயிற்று. கண்ணை மூடிக்கொண்டே படிக்கலாம். லோடு இறக்கும் சுரேஷ்கண்ணன் அண்ணனே அதைப் பார்த்து ரூமை ஓட்டுகிறார். நாளையிலிருந்து உன் போன் வாயே திறக்காது. என் திறமையைச் சென்னையில் நாலு பேரிடம் சொல்.

ஜோயல்

சென்னை
1 ஜூலை

ஜோயல்,

வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் புண்ணியம். போன் வரவேயில்லை. பத்தரைக்குக் கை தானாகப் போய் அதை எடுத்துப் பார்க்கிறது.

அப்பா மாத்திரை போடுகிறாரா? நான் கேட்டதாகச் சொல்லாதே.

அக்கா

பழனிசெட்டிபட்டி
3 ஜூலை

அக்கா,

இந்தத் தடவை அறிவிப்பு எதுவும் இல்லை.

போனை நிறுத்தியது என் அட்டை இல்லை. முதல் அட்டையை நான் மாட்டிய அன்றே அப்பா மனப்பாடம் செய்துவிட்டார். பெரிய அட்டை வரும்வரை தினமும் அவரே சுரேஷ்கண்ணன் அண்ணனுக்கு டிகிரியைச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் உனக்குப் போன் போட்டிருக்கிறார். அண்ணன் இப்போதுதான் சொன்னார். நீ களைப்பு என்று எழுதியதும் நான் அப்பாவிடம், "நீங்க இப்படிக் கூப்பிட்டா அக்கா வேல போயிரும்" என்றேன். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் பத்தரைக்கு அட்டைக்கு முன்னால் போய் நிற்கிறார். நேற்று, "ஏலே, இதுல எழுதாம விட்டது எதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாமே இருக்குப்பா," என்றேன், பெருமையாக.

"சரி" என்று போய்விட்டார். முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்று காலை அட்டையில் செவ்வாழை இருந்த மூலையைக் கிழித்துவிட்டேன். எலி என்று சொல்லிக்கொள்ளலாம். உன் வேலைதான் உறுதியாகிவிட்டதே. நாளை கூப்பிடுவார். டிகிரியை மட்டும் உடனே சொல்லிவிடாதே.

பதவி விலகிய,
ஜோயல்