தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. நீயும் நலம் என்று எழுதத்தான் கை போனது, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. நலமாக இரு என்று எழுதுகிறேன்.

விசா முடிந்து மூன்று வருடமாகிறது என்பதைப் பெற்றவளிடம் மறைத்துவிட்டாயே என்று எனக்குக் கோபம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு முப்பது வருடமாக ஊரார் கதையெல்லாம் கேட்டு மனு எழுதுகிறவள், என் வீட்டுக் கதை எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ கடைசியில் சொன்னதுதான் அதைவிட உறுத்துகிறது. தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க இப்போது வழி திறந்திருக்கிறது, வக்கீலம்மா படிவமும் கொடுத்துவிட்டார், ஆனால் அதில் உறுதிமொழி 'சட்டவிரோதக் குடியேறியாகிய நான்' என்று தொடங்குகிறது என்றாய். "அந்த வார்த்தைக்குக் கீழ என் பேரைப் போட மாட்டேம்மா, அங்க தெரிஞ்சா உனக்கும் தலைகுனிவு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அந்த வார்த்தையை நானே எத்தனையோ முறை தட்டச்சில் அடித்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் கட்டட வேலை செய்யும் ஒரு பெண் மகளைப் பள்ளியில் சேர்க்க மனு எழுதக் கேட்டு வந்தாள். எல்லை தாண்டி வந்தவள், கையில் ஒரு காகிதமும் இல்லை. பழக்கத்தில் அதே வார்த்தையை அடித்துவிட்டேன். கையெழுத்துக்கு முன் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது என் வழக்கம், உனக்குத் தெரியும். அந்த வரி வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன், அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டிப் போனேன். அவள் விடவில்லை, "நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க, அதையும் படிங்க" என்றாள். படித்தேன். "அனுமதி இல்லாம வந்தது நிஜம்தான், அதை எழுதுங்க. ஆனா என்னையே அப்படி எழுதாதீங்க" என்றாள். கிழித்துப் போட்டு, 'உரிய அனுமதியின்றி வந்து நான்கு ஆண்டுகளாக இங்கே கட்டட வேலை செய்து வாழும்' என்று மாற்றி அடித்தேன்.

பக்கத்து மேசை மனுக்காரரை உனக்கு நினைவிருக்கும், கண்ட இடத்தில் எல்லாம் கமா போடுவதால் கமா என்றே பெயர் நிலைத்துவிட்டவர். வார்த்தையை மாற்றினால் காகிதம் வந்துவிடுமா என்று சிரித்தார், வரிசையில் நின்று முறையாக வந்தவன் முட்டாளா என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அனுமதி வாங்காமல் மாடி கட்டினவருக்கு நேற்று மனு எழுதினீர்களே, கட்டடத்தைத்தானே அனுமதியற்றது என்று எழுதினீர்கள், ஆளை வீட்டு உரிமையாளர் என்றுதானே எழுதினீர்கள் என்றேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

உள்ளே இருந்த அதிகாரி மனுவோடு ஓர் அச்சுப் படிவத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார், அதில் இருக்கும் சொல்தான் வேண்டுமாம். கல்லில் நார் உரிக்கிற கதைதான். ஆனால் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில், இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம் என்று போட்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். படிவத்தில் அவர்கள் சொல் இருக்கட்டும் என்று விட்டு, தனித்தாளில் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினோம். வெகுநேரம் யோசித்துத்தான் இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். தற்காலிகச் சேர்க்கைதான், ஆனாலும் தினமும் என் மேசையைத் தாண்டித்தான் பை தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

ஆகையால் கண்ணா, நீயும் கையெழுத்துப் போடு. அந்த வார்த்தை சரி என்று நான் சொல்லவில்லை, தப்புதான். ஆனால் அதோடு சண்டை போட ஆயுசு கிடக்கிறது, விண்ணப்பத்துக்குத்தான் கெடு இருக்கிறது. தனித்தாளில் உன் கதையை எழுது. அனுமதி எந்தத் தேதியில் முடிந்தது, முதலாளி கடையை மூடியதும் யாரிடம் ஓடினாய், இப்போது அந்த முதியோர் இல்லத்தில் காலையில் எத்தனை பேரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுகிறாய், எல்லாம் எழுது. கூட்டாதே, குறைக்காதே. இருபத்தெட்டாம் தேதி கடைசி என்றாய், நீ இருபதுக்குள் கொடுத்துவிடு, கடைசி நாளில்தான் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும்.

வேளைக்குச் சாப்பிடு. நீ சாப்பிட்டாயா என்று அப்பா என்னைத்தான் தினமும் கேட்கிறார், உன்னிடம் கேட்க அவருக்குக் கூச்சம். கொடுத்த அன்றைக்கே போன் செய். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இன்னொன்று. உன் பையன் எப்போது வருகிறான் என்று நேற்று கமா கேட்டார். அடுத்த வருடம் என்பதுதான் என் வழக்கமான பதில். நேற்று, அவனிடமும் காகிதம் இல்லை, கிடைக்கிற வரை வர முடியாது என்று சொல்லிவிட்டேன். மனு எழுத நின்ற ஏழெட்டுப் பேர் காதிலும் விழுந்தது, நான் குரலைத் தணிக்கவில்லை. அதனால் இங்கே யாருக்காவது தெரிந்துவிடுமே என்று நீ இனிப் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா