நல்ல செய்தி நிமிடம்

ஜூன் 4, வியாழன்

சேவைச் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

அவளுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவை. மகள்தான் பிடித்துத் தள்ளினாள். "போயிட்டு வாங்கப்பா, ஒரு மணி நேரம் அம்மாவ நான் பாத்துக்கறேன். வீட்டுக்குள்ளயே கெடந்தா உங்களுக்கும் பைத்தியம் பிடிச்சிடும்."

அதே அறை, அதே நமத்துப்போன பிஸ்கட். சக்கர நாற்காலி யாருக்கு, கண் பரிசோதனை முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்றெல்லாம் பேசி முடித்ததும் 'நல்ல செய்தி நிமிடம்'. ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரத்து நல்ல செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். நிமிடம் தாண்டினால் தலைவர் மேஜை மணியைச் சின்னச் சுத்தியலால் அடிப்பார். மணியடித்தால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். செய்தி இல்லாதவன் பாட்டுப் பாட வேண்டும். இந்தப் பாட்டு விதியைக் கொண்டுவந்த மகா புத்திசாலி நானேதான்.

என் முறை வந்தது. "எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றேன். இன்ஷூரன்ஸ்காரர் பழக்கதோஷத்தில் "பாட்டு! பாட்டு!" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"காலைல தண்ணின்னு கேட்டா" என்று சொல்லிவிட்டேன்.

அப்படிக் கை தட்டினார்கள்! தலைவர் — பல் டாக்டர் — கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஒரு எழுத்துகூடப் பேசவில்லை.

ஜூன் 11, வியாழன்

"மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா" என்றேன். அதற்கும் கைதட்டல்.

ஜூன் 13, சனி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்திருந்தாள். வாசல் வரைக்கும் கூடவே போய்க் கேட்டேன். "நாம சொல்றது எல்லாமே அவங்களுக்குப் புரியுது சார். ஆனா பேச்சு வருமான்னு கேட்டா... ரொம்ப எதிர்பார்க்காதீங்க."

எதிர்பார்க்காமல் வேறு என்னத்தைச் செய்வது? எங்கள் கண்ணாடிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசியவள் அவள். மூக்குக்கண்ணாடி மாற்ற வந்தவன் தன் மாமியார் கதை வரைக்கும் சொல்லிவிட்டுப் போவான். என் சங்கத்துக்கு அவள் வைத்த பெயர் 'பிஸ்கட் கமிட்டி'.

ஜூன் 18, வியாழன்

"என்னைத் திட்ட ஆரம்பிச்சுட்டா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஏன் லேட் என்று கேட்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

அடப்பாவி, நீ விட்ட கதையை நீயே நம்பறியா?

ஜூன் 25, வியாழன்

தொலைந்தேன்.

"ஜூலை ஒன்பது குடும்ப விழா. கண்ணாடிக்காரரே, உங்க வீட்டம்மாதான் சிறப்பு விருந்தினர். ரெண்டே ரெண்டு வார்த்தை பேசட்டும். மத்த குடும்பத்துக்கெல்லாம் ஒரு தெம்பா இருக்கும்" என்றார் பல் டாக்டர். இதைவிட நல்ல மனசு யாருக்கு வரும்? பாழாய்ப்போன என் தலை, ஆடியது.

ஜூன் 27, சனி

அவளுக்கு 'வணக்கம்' சொல்லிக் கொடுக்கிறேன். "வ... வ சொல்லு." என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 1, புதன்

கத்திவிட்டேன்.

"ஒரு வார்த்தைதானே கேக்கறேன்! வேணும்னே பண்றியா நீ?" கையிலிருந்த கரண்டி சுவரில் போய் விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

மகள் ஓடி வந்தாள். "அம்மா என்ன பொம்மையா, சாவி குடுத்தா பேசறதுக்கு? அங்க என்னத்த சொல்லி வெச்சிருக்கீங்க?"

எல்லாவற்றையும் கொட்டினேன். "இப்பவே போன் பண்ணி உண்மையச் சொல்லுங்கப்பா" என்றாள். படுக்கையிலிருந்தவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போனேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் என்ன மனுஷன்?

ஜூலை 4, சனி

போனை எடுத்தேன், வைத்தேன். சொல்லிவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். அந்த அறையில் மட்டும்தான் அவள் பேசுகிறாள்.

ஜூலை 8, புதன்

காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். அல்லது நானே எங்கேயாவது போய்த் தொலையலாம். போனால் அவளை யார் தூக்கி உட்கார வைப்பது?

சாயங்காலம் இடது கையால் அலமாரியைக் காட்டினாள். திறந்தேன். நல்ல துணியாக ஒன்றை எடுக்க வைத்தாள். "நாளைக்கா? வரியா?" கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

ஜூலை 9, வியாழன்

சக்கர நாற்காலி சங்கம் கொடுத்ததுதான். முதுகில் சங்கத்தின் பெயர். பெரிய எழுத்தாகப் போடச் சொன்னவனும் நான்தான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட, அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

தலைவர் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி, வாயருகே மைக்கைப் பிடித்தார்கள். உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள்.

நான் மைக்கை வாங்கிக்கொண்டேன். "கூட்டத்தப் பாத்ததும் கூச்சம். வீட்ல நல்லாப் பேசுவா, நேத்துக்கூட என்ன சொன்னான்னா..." நிறுத்தவே முடியவில்லை. சொல்லச் சொல்ல வாய் தானாக அடுத்ததைக் கட்டியது.

மணி அடித்தது.

அடித்தது அவள். இடது கையை நீட்டி, மேஜையிலிருந்த சுத்தியலை எடுத்து ஒரே அடி. இத்தனை வருஷப் பழக்கம், நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரும் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. நான் விட்டதெல்லாம் கதை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 16, வியாழன்

இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். அவள் நாற்காலியை ஒற்றைக் கையால் உருட்டத் தொடங்கினாள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் உருட்டினால் எங்கே போக முடியும்? கூடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள். நான் சட்டை போட்ட பிறகுதான் நிறுத்தினாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

யாரும் போன வாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பல் டாக்டர் மணியையும் சுத்தியலையும் அவள் முன்னால் நகர்த்தினார். "இனிமே நேரம் பாக்கறது நீங்கதாம்மா. என் மணிக்கு ஒரு பய அடங்க மாட்டேங்கறான்." இன்ஷூரன்ஸ்காரர் தன் பேரன் நடக்க ஆரம்பித்த கதையை நீட்டிக்கொண்டே போனார். டங்! பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தார். ஒரே சிரிப்பு. அவள் வாயின் ஒரு ஓரமும் மேலே போனது.

என் முறை.

"நல்ல செய்தி இல்ல" என்றேன். யாரும் பாட்டுக் கேட்கவில்லை. பிறகு உள்ளதைச் சொன்னேன். அவள் பேசவில்லை, பேசாமலே போகலாம். அவளிடம் கத்தினேன், கரண்டியை எறிந்தேன். காலையில் எழுந்திருக்கவே பயமாக இருக்கிறது. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவள் கதி என்ன? சொல்லிக்கொண்டே போனேன்.

மேஜைக் கடிகாரத்தில் நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு, அதை மடியில் வைத்துக்கொண்டாள்.