ஆசிரியர் பக்கத்தில் இரண்டு பெயர்கள்

கொழும்பு
10.02.2025

அன்பின் ஷாஹினா,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் சுகமா? நீ எழுதி எவ்வளவு காலம்!

நான் மறுபடியும் வேலை மாறிவிட்டேன், சிரிக்காதே. வலைப்பூவில் கவிதை எழுதினேன், செய்தித் தளத்தில் தலைப்புப் போட்டேன், பிறகு காணொளிக்குப் போனேன். இப்போது பெரிய இணைய நிறுவனமொன்றில் கலைப் பகுதி ஆசிரியர்.

நாம் தொடங்கிய 'கரைமணல்' இணைய இதழைப் பொறுப்பெடுக்க அவர்கள் தயார். உனக்கும் வேலை உண்டு. இனி நீ தனியாக இருந்து எல்லாவற்றையும் இழுக்கத் தேவையில்லை. வாசகர் அதிகம் பார்க்காத பக்கங்களை மட்டும் நீக்கிவிடுவார்களாம். சுனாமியில் போனவர்களை நம் ஓவியன் கிசோக் வரைந்த படங்களும் அதற்குள் வருகின்றன. தளம் நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உன் சம்மதம் வேண்டும்.

உன்
றிப்னா

*

சாய்ந்தமருது
16.02.2025

அன்பின் றிப்னா,

வஅலைக்குமுஸ்ஸலாம். புது வேலைக்கு மாஷா அல்லாஹ். உனக்கு அது பொருந்தும்.

நானும் களைத்துத்தான் போனேன். சம்மதம் என்று எழுதவே இருந்தேன். அதற்கு முன் கிசோக்கிடம் சொல்ல வேண்டுமே என்று காரைதீவுக்குப் போனேன். "எனக்குப் பரவாயில்ல அக்கா. ஸம்ஸியா ராத்தாட்ட ஒரு சொல்லுக் கேளுங்க" என்றான்.

கேட்டேன். அந்த அக்கா தன் போனில் நம் இதழைத் திறந்து, அலையில் போன மகன் ஜுனைட்டின் படத்தைக் காட்டினார். தாய் சொல்லச் சொல்ல கிசோக் வரைந்த முகம்.

"மகள், ஊட்டோட போட்டோ எல்லாம் கடல் கொண்டு போயிட்டு. இதையும் எடுத்தா எங்க போய்ப் பாக்கிற?"

ராத்தா கோபப்படவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எனக்குத்தான் குடிக்க முடியவில்லை.

சம்மதிக்க மாட்டேன், றிப்னா. மன்னித்துக்கொள்.

ஷாஹினா

*

கொழும்பு
27.02.2025

அன்பின் ஷாஹினா,

உன் கடிதத்தை வாசித்ததும் கோபம் வந்தது. ஒரு படத்தைப் போனில் சேமித்துக் கொடுத்தால் போதாதா என்று பதில் எழுதி, பிறகு அழித்தேன். இவ்வளவு காலம் எத்தனையோ தளங்களில் வேலை செய்தேன். எல்லா இடத்திலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் கேட்டார்கள், நானும் கேட்டேன். யார் பார்த்தார்கள் என்று கேட்க எனக்கே மறந்துவிட்டது.

இந்த வேலையை நான் விட மாட்டேன். பொய் சொல்லி என்ன? எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஆசிரியராக இருக்க முடியாது. தளத்தை உன் பெயருக்கு மாற்றிவிட்டேன். ஆசிரியர் பக்கத்திலிருந்து என் பெயரை நீயே எடுத்துவிடு. என்னால் முடியவில்லை.

றிப்னா

*

சாய்ந்தமருது
08.03.2025

அன்பின் றிப்னா,

நேற்று நோன்பு திறந்த பிறகு உன் பெயரை எடுத்தேன். கொஞ்சம் அழுதேன். இதழ் இனி மெதுவாகத்தான் வரும்.

நாம் கதைத்ததெல்லாம் இதழைப் பற்றித்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. உன் மகள் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. பெருநாளைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. வேலை ஒன்றுமில்லாமல், சும்மா வா.

ஷாஹினா