பீலியில்தான் நிற்கும் வேன்

றக்வான,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஆஸிக்குக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன் மீது உண்டாகட்டும். நானும் தங்கச்சி ஹிமாயாவும் சுகம், உன் வாப்பா சுகம், அவருடைய வாய் அதைவிடச் சுகம். வேன் மட்டும் சுகமில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய், இந்த வீட்டில் உன் அழைப்பு வந்தால் உன் வாப்பா ஸ்பீக்கரில் போட்டு முழுத் தெருவுக்கும் கேட்க வைக்கிறார், அதனால்தான் டோஹாவுக்குத் திரும்பும் உன் கூட்டாளி றிஸ்மியின் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். மாத முடிவில் வேலையை விட்டுவிட்டு வந்து வாப்பாவோடு, படுக்கையும் சமையலும் உள்ள இந்தக் கேம்பர் வேனை ஓட்டப் போவதாகச் சொன்னாயே, அந்த ராஜினாமாவில் கையெழுத்து வைக்கும் முன் இதை ஒரு தடவை வாசி. வேனுக்குப் பெயின்ட் வேலை நடக்கிறது என்று அவர் உன்னிடம் சொன்னது பொய்.

எஞ்சின் சூடேறினால் கத்தும் அலாரம் ஒன்று அனுப்பினாயே, அதோடு வந்த தாளை இந்த வீட்டில் வாசித்தது நான் ஒருத்திதான். அதில் சூட்டை அறியும் வளையம் போன்ற துண்டை எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டில் உள்ள ஒரு போல்ட்டில் மாட்ட வேண்டும், தண்ணீர் ஓடும் இடத்தில் மாட்டினால், தண்ணீர் முழுக்க ஒழுகிப் போன பிறகு அதற்கு எதுவும் தெரியாது என்று தெளிவாக எழுதியிருந்தது. சொன்னேன். கதைப் புத்தகம் வாசிக்கிற பொம்பளைக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும், எனக்கு என்ட மூக்கு ஈக்கி, அதவிட என்ன அலாரம் என்றார் உன் வாப்பா. மெக்கானிக் புவாட் பாஸ் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. உண்மைக் காரணம் வேறு. எஞ்சின் இருப்பது முன் ஆசனங்களுக்கு நடுவே, அதன் மூடியின் மேல் உன் வாப்பா தன் கையால் சமையல் அலுமாரி அடித்துப் பன்னிரண்டு ஸ்குரூ முடுக்கி வைத்திருக்கிறார். அதைக் கழற்ற இரண்டு ஆண்களுக்கும் சோம்பல். ஆகவே வளையத்தை ரேடியேட்டரில் வைத்துக் கம்பியால் கட்டினார்கள்.

சூரியகந்தப் பக்கம் ஏறும் நம் டிரைவர்களின் பழக்கம் உனக்குத் தெரியும், வேன் சூடானாலும் ஆகாவிட்டாலும் பாதையோரம் மலைத் தண்ணீர் குழாய் வழியே விழும் ஒவ்வொரு பீலியிலும் நிறுத்தி ரேடியேட்டருக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். போன மாதம் நாங்கள் ஏறியபோது உன் வாப்பாவும் ஊற்றினார். அலாரத்தின் தலையிலேயே ஊற்றினார். குளிப்பாட்டிக் கொண்டே போனால் அது எப்படிக் கத்தும்? பாத்தியா ஸுலைஹா, சத்தமே இல்ல, எஞ்சின் பூப்போல ஈக்கி என்று பெருமை வேறு. மூன்றாவது பீலி தாண்டி அடியில் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. அலாரப் பெட்டியிலோ பச்சை விளக்கு, சூடு நாற்பத்தெட்டு என்று இலக்கம். கருகும் வாசம் வந்தது, சொன்னேன். அது நீ கட்டிக் கொண்டு வந்த ரொட்டி என்றார் அந்த மூக்குக்காரர். அடுத்த வளைவில் வேன் நின்றது, அலுமாரிக்குள்ளிருந்து புகை. மேலே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக் கொண்டிருந்த தோட்டத்து ஜெயம்மா எட்டிப் பார்த்து, என்னாங்க மொதலாளி, அடுப்பு பத்த வச்சிட்டீங்களா, எங்களுக்கும் ஒரு பிளேன்டீ கெடைக்குங்களா என்று கேட்டாள். மலை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன்.

கேஸ்கட் எரிந்து, ஹெட் வளைந்து, மூன்று கிழமை வேன் புவாட் பாஸின் கராஜில் கிடந்தது. எஞ்சினைத் திறந்து மூடியவர்கள் வளையத்தை மறுபடி எங்கே கட்டினார்கள் என்று நினைக்கிறாய்? அதே ரேடியேட்டரில். வியாழன் வேன் வீட்டுக்கு வந்தது. வெள்ளி பகல் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போனபோது, நானும் ஹிமாயாவும் பன்னிரண்டு ஸ்குரூவையும் கழற்றி, தாளில் இருந்த படத்தைப் பார்த்து வளையத்தை ஹெட்டில் மாட்டி, அலுமாரியைப் பழையபடி முடுக்கி, கை கழுவிச் சோறும் போட்டு வைத்தோம். பள்ளியில் குத்பாப் பிரசங்கம் முடிவதற்குள் முடிகிற வேலைக்குத்தான் இத்தனை நாள் சோம்பல்.

நேற்று மறுபடி அதே மலை ஏறினோம். இரண்டாவது வளைவில் அலாரம் கத்தியது, சிவப்பு விளக்கு. நிறுத்துங்கள் என்றேன். இது பொய் செல்லுது, பீலி இன்னும் வரல்லயே என்றார். பீலி வரைக்கும் அது கத்தக் கத்த ஓட்டி, பீலியில்தான் நிறுத்தினார். பார்த்தால், எஞ்சினைக் குளிர வைக்கும் பேன் பெல்ட்டைப் புவாட் பாஸ் தளர்வாக விட்டிருக்கிறார். எஞ்சின் இந்த முறை தப்பியது. இறங்கி வந்ததும் உன் வாப்பா கராஜுக்குப் போய், பாஸ், நீங்க கை வெச்ச பொறகுதான் அலாரம் சரியா வேல செய்யுது என்று புகழ்ந்தார், அந்த மனிதரும் ஓம் ஓம் என்று தலையாட்டிக் கேட்டுக் கொண்டார். வளையத்தை இடம் மாற்றியது நாங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கழற்றிவிடுவார்கள்.

ஆகவே மகன், வேலையை இப்போது விடாதே. அலாரம் சரியான இடத்தில் இருக்கிறது, கேட்கிற காதுதான் இன்னும் பீலியில் இருக்கிறது. உனக்கும் அவருடைய பிடிவாதத்தில் பாதி உண்டு, இரண்டு பேரும் ஒரே வேனில் ஏறினால் எந்தப் பெட்டி கத்தியும் பயனில்லை. அவர் கெட்டவரில்லை, நீ வருவாய் என்று பின் படுக்கையை உன் உயரத்துக்கு அளந்து நீட்டியிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு கோபத்தோடு எழுதுகிறேன். பீலி இல்லாத ஒரு வளைவில், அது கத்திய இடத்திலேயே உன் வாப்பா வேனை நிறுத்துகிற நாளில் உனக்கு மறுபடி எழுதுவேன். அந்தக் கடிதம் சின்னதாக இருக்கும். வா என்று மட்டும் இருக்கும்.

வெயிலில் நின்று வேலை செய்யாதே, தொழுகையை விடாதே, றிஸ்மியிடம் கொடுத்த மாசிச் சம்பலை ஈரக் கரண்டியால் எடுக்காதே. அல்லாஹ் உன் உடம்புக்கும் உழைப்புக்கும் பரக்கத் செய்வானாக. போனில் பெயின்ட் என்ன நிறம் என்று மட்டும் அவரிடம் ஒரு தடவை கேள், என்ன சொல்கிறார் என்று நானும் கேட்க வேண்டும்.

உன் நலனையே துஆவில் கேட்கும்
உம்மா ஸுலைஹா